கோட்பாட்டு இயற்பியலில் எது புரளி, எது குறும்பு, எது உண்மை? நோட்டும் பேனாவும் கொண்டு சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இன்று நள்ளிரவு 12:30 முதல் 3:30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடந்து செல்வதால் கைபேசியை அணைத்துத் தள்ளி வைக்க வேண்டும், நாசாவும் பிபிசியும் அறிவித்துவிட்டன என்ற வாட்ஸ்அப் செய்தியைத் தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ பெறாத குடும்பக் குழு இருக்க முடியாது. இது புரளிகளின் ஒரு முனை. மறுமுனையில், பெயர் பெற்ற ஆய்விதழ்களில் சமன்பாடுகளோடும் அடிக்குறிப்புகளோடும் வெளிவந்து, அவை கேலிக்காக எழுதப்பட்டவையா உண்மையான ஆய்வா என்று துறை வல்லுநர்களையே குழம்ப வைத்த கட்டுரைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஏப்ரல் முதல் தேதிக் குறும்புகளும், நேர்மையான ஆய்வாளர்கள் செய்த பிழைகளும், ஒருவர் முழு நம்பிக்கையோடு ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த தவறான கோட்பாடுகளும் வருகின்றன.

பெரம்பூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் இவற்றைச் சோதிக்கப் பின்பற்றும் வரிசையை இங்கே எழுதுகிறேன். தேவையான கருவிகள் குறைவு: ஒரு நோட்டு, சைன், காஸ் போடத் தெரிந்த ஒரு கால்குலேட்டர், தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல்கள். காசிமேட்டில் மீன் வாங்குபவர் விற்பவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பதுபோல, எந்தக் கூற்றிலும் அது தோற்கக்கூடிய இடம் எங்கே என்று தேடிப் பார்ப்பதுதான் இந்த முறையின் சாரம். எழுதியவரின் பட்டம், இதழின் பெயர், நடையின் கடினம், கேட்பவர்களின் கைத்தட்டல், சிரிப்பு ஆகிய எதுவும் அந்த இடத்தைக் காட்டாது.

முதல் படி: தேதியையும் மூலத்தையும் தேடுங்கள்

கையில் வந்தது முதலில் எங்கே, எந்த நாளில் வெளிவந்தது என்று பாருங்கள். காஸ்மிக் கதிர்ச் செய்தியில் "இன்று இரவு" என்றுதான் இருக்கும், தேதி இருக்காது. தேதி இல்லாததால்தான் அது சாவதே இல்லை. நாசாவோ பிபிசியோ சொன்னதாக இருந்தால் அவற்றின் சொந்தத் தளத்தில் அந்த வரி இருக்க வேண்டும், இல்லையென்றால் சோதனை அங்கேயே முடிந்தது.

தேதி ஏப்ரல் 1 என்றால் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். 1976 ஏப்ரல் 1 அன்று காலை பிபிசி வானொலியில் வானியலாளர் பேட்ரிக் மூர், சரியாக 9:47 மணிக்குப் புளூட்டோ வியாழனுக்குப் பின்னால் செல்வதால் பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறையும் என்றும், அந்த நொடியில் குதித்தால் மிதப்பதுபோல் உணரலாம் என்றும் அறிவித்தார். மிதந்ததாகவே பலர் தொலைபேசியில் சொன்னார்கள். கணக்குப் போட்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவர்மீது வியாழன் செலுத்தும் ஈர்ப்பு சுமார் 2 மில்லிகிராம் எடைக்குச் சமம். ஓர் அரிசிமணியின் எடையில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் வியாழன் நம்மை இழுக்கும் அதே அளவில் நம் காலடியில் உள்ள பூமியையும் இழுப்பதால், அந்தச் சிறு எடைக்குறைவுகூட நமக்குக் கிடைக்காது. புளூட்டோவின் பங்கு அதைவிட லட்சக்கணக்கான மடங்கு சிறியது. பூமி சில நொடிகள் ஈர்ப்பை இழக்கப்போகிறது என்று இன்றும் அவ்வப்போது வரும் செய்திகளுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

ஆனால் ஏப்ரல் 1 என்பது எச்சரிக்கை மட்டுமே. 1948 ஏப்ரல் 1 தேதியிட்ட பிசிக்கல் ரெவ்யூ இதழில், பெருவெடிப்புக்குப் பிந்தைய சூட்டில் அணுக்கருக்கள் உருவான விதம் பற்றி ஆல்ஃபர், பேட்டே, காமோவ் என்ற மூவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. ஆய்வில் பங்கேற்காத ஹான்ஸ் பேட்டேயின் பெயரை, ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே ஜார்ஜ் காமோவ் நடுவில் சேர்த்திருந்தார். பெயர்ப்பட்டியல் விளையாட்டு, உள்ளே இருந்தது அண்டவியலின் அடிக்கல்களில் ஒன்று. உழைத்த மாணவரான ரால்ஃப் ஆல்ஃபருக்கு, இரண்டு பெரிய பெயர்களுக்கிடையே தன் பெயர் மறைந்துவிடும் என்ற வருத்தம் இருந்தது. அது நியாயமான வருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் படி: எண்களைத் தாளில் இறக்குங்கள்

பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சூரியச் சேய்மை நிலை பற்றிய செய்தி ஜூலை நெருங்கும்போதெல்லாம் வரும். "பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம் 5 ஒளி நிமிடம், அதாவது 9 கோடி கிலோமீட்டர். நாளை முதல் அது 15 கோடியே 20 லட்சம் கிலோமீட்டராகும், 66 சதவீதம் கூடுதல். குளிர் அதிகரிக்கும், காய்ச்சலும் இருமலும் வரும், எச்சரிக்கை" என்பது அதன் சாரம். இதை வரிவரியாக எடுத்துக்கொள்வோம்.

ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 5 நிமிடம் என்பது 300 நொடி. பெருக்கினால் 9 கோடி வருகிறது. எனவே எழுதியவருக்குப் பெருக்கத் தெரியும். ஆனால் சூரிய ஒளி நம்மை அடைய ஆகும் நேரம் 8 நிமிடம் 19 நொடி, அதாவது ஏறத்தாழ 499 நொடி. அதைப் பெருக்கினால் 15 கோடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அதுதான் சராசரித் தூரம். அடுத்து அந்தச் சதவீதம்: 9 கோடியிலிருந்து 15.2 கோடிக்குப் போனால் கூடுதல் 6.2 கோடி, அது 69 சதவீதம். 66 என்பதே தவறு. கடைசியாக, ஒரே நாளில் 6.2 கோடி கிலோமீட்டர் விலக வேண்டுமானால் பூமி நொடிக்குச் சுமார் 718 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அது உண்மையில் ஓடுவது நொடிக்கு 30 கிலோமீட்டர்.

இந்தச் செய்தியில் 15.2 கோடி என்ற எண் மட்டும் சரியானது என்பதைக் கவனியுங்கள். ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனிலிருந்து ஏறத்தாழ அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது, ஜனவரியில் 14.7 கோடி. வேறுபாடு மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு, வெயிலின் வலிமையில் அது சுமார் 7 சதவீதம். சேய்மை நாளன்று மூலக்கடை சந்திப்பில் நின்று பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு அது உறைக்கவும் செய்யாது. சரியான ஓர் எண்ணைச் சுற்றித் தவறான எண்களைக் கட்டுவது புரளிகளின் வழக்கம். ஆகவே ஓர் எண்ணைத் தேடிப் பார்த்து, அது சரியாக இருந்தவுடன் மற்றவற்றையும் நம்பிவிடக் கூடாது.

மூன்றாம் படி: அலகை மாற்றிப் பாருங்கள்

என்னைக் கேட்டால், இதைப்போல் மலிவான, வலுவான சோதனை வேறில்லை. இதைக் கற்றுக்கொள்ள 1931-இல் நடந்த ஒரு குறும்பைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது.

ஆர்தர் எடிங்டன் அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலறிஞர். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைச் சோதித்தவர். பிற்காலத்தில் அவர், மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண் கட்டமைப்பு மாறிலி எனப்படும் எண்ணின் தலைகீழ் மதிப்பு ஒரு முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்று தூய சிந்தனையாலேயே நிறுவ முயன்றார். முதலில் 136 என்றார். அளவீடுகள் 137-ஐ நெருங்கியதும் வாதத்தைத் திருத்தி 137 என்றார். அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த கீடோ பெக், ஹான்ஸ் பேட்டே, வோல்ஃப்காங் ரீட்ஸ்லர் என்ற மூன்று இளைஞர்கள் இதைக் கேலி செய்து நாட்டூர்விசன்ஷாஃப்டன் என்ற ஜெர்மன் இதழுக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார்கள். அதன் வாதம் இது: ஒரு படிகத்தைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது அதற்குக் கீழே குளிர முடியாத நிலைக்குக் கொண்டுசெல்ல அதன் சுதந்திர இயக்கக் கூறுகளை (அதன் துகள்கள் அசையக்கூடிய வழிகளை) உறைய வைக்க வேண்டும். எடிங்டனின்படி எலக்ட்ரானுக்கு 137, புரோட்டானுக்கு 137, அதில் ஒன்று மட்டும் உறையாமல் எஞ்சும். ஆக 137-இன் இருமடங்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 273. தனிச்சுழி மைனஸ் 273 டிகிரி என்பது அளவீட்டோடு பொருந்துகிறது! இதழ் 1931 ஜனவரியில் அதை அச்சிட்டது. அது வேடிக்கைக்காக எழுதப்பட்டது என்ற விளக்கத்தை மார்ச்சில் அச்சிட வேண்டியதாயிற்று.

இப்போது அலகை மாற்றுங்கள். 137 என்பதற்கு அலகு கிடையாது. அதை எந்த அளவுகோலில் அளந்தாலும் 137தான் வரும். ஆனால் 273 என்பது செல்சியஸ் அளவில் வந்த எண். தண்ணீர் உறையும் நிலையைப் பூஜ்யம் என்றும், கொதிக்கும் நிலைவரை 100 பங்கு என்றும் மனிதர்கள் வைத்துக்கொண்டதால் வந்தது. ஃபாரன்ஹீட்டில் அதே தனிச்சுழி மைனஸ் 459.67. இடப்பக்கம் அலகோடும் வலப்பக்கம் அலகின்றியும் இருக்கும் சமன்பாடு எதையும் சொல்லவில்லை. ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி பரிமாணப் பகுப்பாய்வுப் பாடத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் அந்த இதழாசிரியரைக் காப்பாற்றியிருக்க முடியும்.

கோயில் உயரம் இத்தனை அடி, அதை இன்னொன்றால் பெருக்கினால் ஒளியின் வேகம் வருகிறது என்ற வகைச் செய்திகளையும் இப்படியே சோதியுங்கள். அடிக்குப் பதில் மீட்டரிலோ முழத்திலோ போட்டால் அதிசயம் நிலைக்கிறதா? நிலைக்கவில்லையென்றால் அது அளவுகோலின் தற்செயல்.

இங்கே ஒரு பக்கக் கதையைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930-இல் கப்பலேறிய சந்திரசேகர், சூரியனைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான எடையைத் தாண்டினால் ஒரு வெண்குறுமீன் (எரிந்து தீர்ந்த விண்மீனின் சுருங்கிய எச்சம்) நிலைக்க முடியாது என்று கண்டுபிடித்தார். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும், அதே எடிங்டன் எழுந்து, விண்மீன் இத்தனை அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க ஓர் இயற்கை விதி இருந்தாக வேண்டும் என்று கேலி செய்தார். அவையும் சிரித்தது. சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. நான்கு ஆண்டு இடைவெளியில் ஒருமுறை எடிங்டனைப் பார்த்துச் சிரித்தவர்கள் சரியாகவும், மறுமுறை எடிங்டனோடு சேர்ந்து சிரித்தவர்கள் தவறாகவும் இருந்தார்கள். கேலிக்கு ஆளானது என்பதால் ஒரு கூற்றைப் புரளி என்று ஒதுக்கவோ, கேலி செய்தவர் பெரியவர் என்பதால் தலையாட்டவோ இந்த முறையில் இடமில்லை.

நான்காம் படி: கடினமான சொற்களை நீக்கிவிட்டு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்

நியூயார்க் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் சோக்கல், குவாண்டம் ஈர்ப்பு என்பது சமூகமும் மொழியும் கட்டியெழுப்பியது என்று வாதிடும் கட்டுரை ஒன்றைத் திட்டமிட்டு எழுதி, சோஷியல் டெக்ஸ்ட் என்ற பண்பாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார். 1996-இல் அது வெளிவந்தபோதே, அது பொறி என்று வேறோர் இதழில் அவரே அறிவித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அடிக்குறிப்புகள், பிரபலச் சிந்தனையாளர்களின் மேற்கோள்கள், நடுநடுவே அப்பட்டமான உளறல். யூக்ளிடின் பை (π) என்ற எண்ணும் நியூட்டனின் ஜி (G) என்ற ஈர்ப்பு மாறிலியும் மாறாதவை என்று முன்பு கருதப்பட்டன, இப்போது அவற்றின் வரலாற்றுத்தன்மை உணரப்பட்டுள்ளது என்பது அதில் ஒரு வரியின் பொருள். அலங்காரத்தை நீக்கினால் எஞ்சுவது: வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண் காலத்துக்குக் காலம் மாறும். ஒரு டப்பா மூடியையும் நூலையும் கொடுத்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளை இதை மறுத்துவிடும். அந்த இதழ் அப்போது கட்டுரைகளைத் துறை வல்லுநர்களின் மதிப்பீட்டுக்கு அனுப்பும் வழக்கம் வைத்திருக்கவில்லை. அனுப்பியிருந்தால் ஓர் இயற்பியலாளர் முதல் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பார் என்று பலரும் நினைத்தார்கள்.

அந்த நினைப்பு ஆறு ஆண்டுதான் நிலைத்தது. பிரான்சின் தொலைக்காட்சி அறிவியல் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற இரட்டையர்களான இகோர், கிரிஷ்கா பொக்தானோவ் இருவரும் பெருவெடிப்புக்கு முந்தைய நிலையை விளக்குவதாகச் சொன்ன கட்டுரைகள், மதிப்பீட்டாளர்களைக் கடந்து இயற்பியல் இதழ்களிலேயே வெளிவந்திருந்தன. அவற்றில் ஒன்று கிளாசிக்கல் அண்டு குவாண்டம் கிராவிட்டி. 2002 அக்டோபரில், இது சோக்கல் பாணியில் இயற்பியலுக்கு வைத்த பொறி என்ற வதந்தி மின்னஞ்சல் வழியே பரவியது. சகோதரர்கள் மறுத்தார்கள், உண்மையான ஆய்வுதான் என்றார்கள். துறை வல்லுநர்கள் பலர் படித்துவிட்டு, சரியான கலைச்சொற்கள் அர்த்தமின்றி அடுக்கப்பட்டிருக்கின்றன என்றார்கள். வெளியிட்ட இதழின் ஆசிரியர் குழுவே அக்கட்டுரை தன் தரத்துக்கு உரியதன்று என்று சொல்ல நேர்ந்தது. பொறி வைத்தவர் ஒருநாள் வெளியே வந்து சிரிப்பார். நம்பிக்கையோடு எழுதியவர் வரமாட்டார். இரண்டாவதைக் கையாள்வதுதான் கடினம்.

இவர்களின் ஒரு கூற்றை மட்டும் எடுத்து, வடசென்னையிலிருந்தபடியே சோதிப்போம். ஃபூக்கோ ஊசல் எப்படி வைக்கப்பட்டாலும், அது ஊசலாடும் தளம் பிரபஞ்சத்தின் தொடக்க ஒருமைநிலையோடு (பெருவெடிப்பின் தொடக்கப் புள்ளியோடு) தவறாமல் ஒத்திசைந்திருக்கும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார்கள். ஃபூக்கோ ஊசல் என்பது மிக நீளமான கம்பியில் தொங்கும் கனமான குண்டு. பூமி சுழல்வதால் அதன் ஊசல் தளம் மெல்லத் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பது இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. நம் ஊரின் அட்சரேகை ஏறத்தாழ 13.1 டிகிரி, அதன் சைன் மதிப்பு 0.227. பூமி ஒருமுறை சுழலும்போது 360 டிகிரியில் அந்தப் பங்கு, அதாவது சுமார் 82 டிகிரி தளம் திரும்பும், மணிக்கு 3.4 டிகிரி. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 106 மணி நேரம். இதெல்லாம் அளந்து பார்க்கக்கூடியவை. தவறென்றால் தவறு தெரிந்துவிடும். தொடக்கத் தளத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? குண்டை விடுபவர். துறைமுகத்தை நோக்கி விட்டால் கிழக்கு மேற்காக ஆடும், எண்ணூரை நோக்கி விட்டால் வடக்கு தெற்காக ஆடும். அப்படியிருக்க அது "தவறாமல்" எதனோடு ஒத்திசையும்? அதோடு, பெருவெடிப்பு வானத்தில் ஒரு திசையில் நடந்ததன்று; எல்லாத் திசைக்கும் பொதுவான கடந்தகாலம் அது. அதை நோக்கி ஒரு தளத்தைத் திருப்புவது இயலாத காரியம். அவர்களுடைய கணிதச் சொற்களில் ஒன்றும் புரியாதவர்கூட இந்த ஒரு வரியிலிருந்து கட்டுரையின் தன்மையை அறியலாம்.

நடைமுறையில், கட்டுரை முழுவதையும் புரிந்துகொள்ள முயலாதீர்கள். உங்கள் கைக்கு எட்டும் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து அதைத் துருவுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலிகள் ஒரு மணி நேரத்தில் பிரபஞ்சத்தின் ஒருங்கிணைந்த கோட்பாட்டை நாற்பது பக்கப் பிடிஎஃப் ஆக்கித் தந்துவிடுவதால் இந்தப் பழக்கம் முன்னைவிட அவசியமாகிவிட்டது.

ஐந்தாம் படி: எங்கே வெளிவந்தது என்பதற்கு உரிய எடையை மட்டும் கொடுங்கள்

ஆய்விதழில் வந்தது என்றால் ஓரிருவர் படித்தார்கள் என்று பொருள். ஆய்வுக்கட்டுரைகளைத் திரட்டி வைக்கும் ஆர்கைவ் (arXiv) தளத்தில் இருக்கிறது என்றால், மதிப்பீடு நடக்கும் முன்பே எழுதியவர் பொதுவில் வைத்திருக்கிறார் என்று பொருள். 2005-இல் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் கணினி நிரல் ஒன்றால் உற்பத்தி செய்த பொருளற்ற கட்டுரையை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டதுண்டு.

ஆசிரியர் பெயர்களும் அப்படியே. 1975-இல் ஃபிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ் இதழில் ஜாக் ஹெதரிங்டனோடு எஃப். டி. சி. வில்லார்ட் என்பவர் இணையாசிரியராக இருக்கிறார். அவர் ஹெதரிங்டனின் பூனை, வீட்டில் செஸ்டர். ஒரே ஆசிரியர் எழுதிய கட்டுரையில் "நாம்" என்று வரக் கூடாது என்று ஒருவர் சுட்டிக்காட்ட, தட்டச்சு இயந்திரத்தில் முழுவதையும் மறுபடி அடிக்க மனமின்றிப் பூனையைச் சேர்த்துவிட்டார். ஹீலியம் பற்றிய அந்த ஆய்வில் குறையொன்றும் இல்லை. ஆந்த்ரே கைம் 2001-இல் தன் வெள்ளெலியை இணையாசிரியராக்கினார், 2010-இல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆறாம் படி: வேறொரு நிகழ்வோடு முட்டவிட்டுப் பாருங்கள்

2011 செப்டம்பரில் இத்தாலியின் ஓபரா ஆய்வுக்குழு, ஜெனீவாவின் செர்ன் துகள் ஆய்வுக்கூடத்திலிருந்து 730 கிலோமீட்டர் கடந்து வந்த நியூட்ரினோக்கள் (எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்கள்) ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்துவிட்டதாக அறிவித்தது. இது புரளியன்று, தங்களுக்கே நம்பிக்கை இல்லாமல், பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று உலகத்தை அவர்கள் கேட்டார்கள். ஆனால் சில பத்திரிகைகள் ஐன்ஸ்டைன் வீழ்ந்தார் என்று எழுதிவிட்டன.

அன்றே செய்திருக்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அந்த முந்தல், ஒளியின் வேகத்தில் லட்சத்தில் இரண்டரைப் பங்கு. 1987-இல் பெரிய மெகல்லன் முகில் என்ற அண்டை விண்மீன் திரளில், சுமார் 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு விண்மீன் வெடித்தபோது வந்த நியூட்ரினோக்கள் பதிவாகியிருக்கின்றன. ஓபரா சொன்ன வேகத்தில் அவை வந்திருந்தால் ஒளிக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். வந்தது சில மணி நேரம் முன்பு. அந்தச் சில மணி நேரமும், வெடிப்பின் ஒளி விண்மீனின் மேற்பரப்பை எட்டத் தாமதமானதால் ஏற்பட்டது. இந்த இரண்டு நிகழ்வுகளிலும் நியூட்ரினோக்களின் ஆற்றல் வேறு வேறு என்பதால் இது இறுதித் தீர்ப்பாகாது, ஆனாலும் ஐயத்துக்கு வலுவான காரணம். சில மாதங்களில் ஓர் ஒளியிழைக் கம்பி சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது தெரியவந்தது.

நம்மூரில் அதிகம் சுற்றும் சிதம்பரச் செய்திக்கும் இதே படியைப் பயன்படுத்தலாம். நடராசரின் பெருவிரல் பூமியின் காந்தப்புலத்தின் மையப்புள்ளியில் இருப்பதாக மேலைநாட்டு விஞ்ஞானிகள் எட்டாண்டு ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள் என்பது அது. பூமியின் காந்தப்புலத்துக்கு நடு என்று சொல்லத்தக்கது காந்த நடுக்கோடு. அது, காந்த ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைத்துப் பூமியைச் சுற்றிவரும் ஒரு வளைகோடு. கோட்டுக்கு நடுப்புள்ளி என்று ஓர் ஊரைக் காட்ட முடியாது. அந்தக் கோடு இந்தியாவைக் கடப்பது தென்கோடியில். அதனால்தான் அது தொடர்பான ஆய்வுக்கூடத்தை இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் வைத்திருக்கிறது. அந்தக் கோடு ஆண்டுக்காண்டு நகரவும் செய்கிறது, கோயில் நகர்வதில்லை. இதைச் சொல்லும்போது, செர்ன் வளாகத்தில் நடராசர் சிலை உண்மையாகவே இருக்கிறது, 2004-இல் இந்தியா வழங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சிலையின் முன் நரபலி நடப்பதாக 2016-இல் பரவிய காணொளி மட்டும் பொய். அங்கே நுழைய அனுமதி பெற்றிருந்த சிலரின் விளையாட்டு என்று செர்ன் விளக்கியது.

ஏழாம் படி: உண்மையைப் புரளி என்று வீசிவிடாதீர்கள்

முந்தைய படிகளில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு எல்லாவற்றையும் நிராகரிக்கும் வேகம் வந்துவிடும். அதற்கு மருந்து நம் துறைமுகத்திலேயே இருக்கிறது. 1913 ஜனவரி 16 தேதியிட்டு, மெட்ராஸ் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, நிறுவல் இல்லாத சூத்திரங்கள் பலவற்றை ஒருவர் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பினார். ஏமாற்று வேலையோ என்ற ஐயம் ஹார்டிக்கு எழுந்தது. சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு, சில சூத்திரங்கள் உண்மையாகத்தான் இருக்க வேண்டும், பொய்யென்றால் அவற்றைக் கற்பனை செய்யும் திறன் எவருக்கும் இருந்திருக்காது என்ற முடிவுக்கு வந்தார். முகவரியைப் பார்த்து எடுத்த முடிவன்று அது. அந்த எழுத்தர்தான் இராமானுஜன். அவருக்கான அருங்காட்சியகம் ஒன்று ராயபுரத்தில் இருக்கிறது. கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் ஏற்படுத்தியது. உங்கள் வாசிப்பு வட்டத்தை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்வது நல்லது.

அடுத்த மாதம் எழுதிய கடிதத்தில் இராமானுஜன், 1, 2, 3, 4 என்று முடிவின்றிக் கூட்டினால் என் கோட்பாட்டின்படி மைனஸ் பன்னிரண்டில் ஒன்று வருகிறது, இதைச் சொன்னால் பைத்தியக்கார விடுதியின் வழியைக் காட்டுவீர்கள் என்று எழுதினார். இன்று இதே வரி காணொளிகளில் அதிசயமாக உலாவருகிறது, பார்ப்பவர்கள் இதைப் புரளி என்கிறார்கள். "என் கோட்பாட்டின்படி" என்ற சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணக் கூட்டலில் அந்தத் தொடர் எல்லையின்றி வளர்கிறது. விரிவாக்கப்பட்ட ஒரு வரையறையில் அதற்கு அந்த மதிப்பு பொருந்துகிறது. துகள்களை அதிரும் நுண்ணிய இழைகளாகக் கருதும் இழைக் கோட்பாட்டின் முதல் வடிவத்துக்கு 26 பரிமாணங்கள் வேண்டும் என்ற கணக்கில் இந்த மதிப்பே பயன்படுகிறது. எனவே அபத்தமாகத் தெரியும் கூற்று வந்தால், எந்த வரையறையில் இதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

எட்டாம் படி: அனுப்பியவரோடு பேசும் முறை

ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஈர்ப்புவிசைக்குத் தான் கண்ட விளக்கத்தை அழகான கையெழுத்தில் நோட்டு நிறைய எழுதிக் கொண்டுவந்து, "சார், சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். "ஐயா, உங்க கணக்குப்படி நிலா பூமியைச் சுற்றிவர எத்தனை நாள் ஆகணும்?" என்று கேட்டோம். அவரே உட்கார்ந்து போட்டார்; 27.3 நாள் வரவில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை, அடுத்த வாரம் வேறொரு நோட்டோடு வந்தார். தீர்ப்பைவிடக் கேள்வி நல்லது.

குடும்பக் குழுவில் பெரியப்பாவோ அத்தையோ அனுப்பிய செய்தியை எல்லார் முன்னிலையிலும் கிழிக்க வேண்டாம். தனியாக அழைத்து, கணக்கெழுதிய தாளின் படத்தை அனுப்பினால் போதும். திருத்தத்தை அவரே குழுவில் போடும்படி விடலாம்.

ஒன்பதாம் படி: பொய்யைக் கலந்து பயிற்சி செய்யுங்கள்

விண்வெளியின் நெளிவுகளான ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ ஆய்வுக்குழு இதை முறையாகவே செய்தது. ஒரு சிலருக்கு மட்டும் தெரியும்படி கருவிக்குள் போலி அலை ஒன்றைச் செலுத்துவார்கள். 2010 செப்டம்பரில் வந்த வலுவான அலை பெருநாய் விண்மீன் குழுவின் திசையிலிருந்து வருவதாகத் தோன்றியதால் பெருநாய் என்றே பெயர் பெற்றது. குழு மாதக்கணக்கில் ஆராய்ந்து, வெளியிடும் நிலைக்குக் கட்டுரையையும் எழுதி முடித்தது. 2011 மார்ச்சில் நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் ரகசியத்தை உடைத்தபோது, அது போலி என்று தெரிந்தது. 2015 செப்டம்பர் 14 அன்று உண்மையான அலை வந்தபோது அவர்கள் முதலில் எழுப்பிய கேள்வியே, யாராவது செலுத்தினீர்களா என்பதுதான்.

நாங்கள் செய்வது அதன் எளிய வடிவம். பொறுப்பாளர் மூன்று தாள்களைத் தயாரிக்க வேண்டும். ஒன்றில் உண்மையான, ஆனால் நம்பக் கடினமான கூற்று: ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரம், தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோநொடி வேகமாக ஓடுகிறது என்பதுபோல. இரண்டாவதில் நேர்மையான பிழை, மூன்றாவதில் சொந்தமாகக் கட்டிய பொய். எது எதுவென்ற விடையை உறையிலிட்டு ஒட்டி நூலகரிடம் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பொறுப்பாளர் முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தீர்ப்போடு எந்தப் படியில் அது முடிவானது என்பதையும் எழுத வேண்டும்; காரணமில்லாத சரியான விடைக்கு மதிப்பெண் கிடையாது.

பொய்யைக் கட்டும்போது நோய், மருந்து, புயல், நிலநடுக்கம், மின்வெட்டு ஆகியவற்றைத் தொடாதீர்கள். எண்ணூர்ப் பகுதி அனல்மின் நிலையங்களையும் கல்பாக்கத்தையும் பற்றி விளையாட்டாகக்கூட எழுத வேண்டாம். உண்மையான நிறுவனத்தின் முத்திரையையோ விஞ்ஞானியின் பெயரையோ போடாதீர்கள். தாளின் குறுக்கே "பயிற்சித் தாள்" என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். உறையை அன்றைய கூட்டம் கலைவதற்குள் பிரித்துவிட வேண்டும். மூன்றாம் தாளை எண்ணிக் கொடுத்து எண்ணியே திரும்ப வாங்குங்கள். கைபேசியில் படம் எடுக்க விடாதீர்கள். விட்டால் அடுத்த வாரம் அதே தாள் "நாசா அறிவிப்பு" என்ற தலைப்போடு உங்கள் சொந்தக் குடும்பக் குழுவுக்கே வந்து சேரும்.